எழுத்தாளரின் வீடு, தோட்டக்காரரின் ஊர்

தென் இங்கிலாந்தில் லூயிஸ் நகருக்கு ஐந்து கிலோமீட்டர் தெற்கே இருக்கிறது ராட்மெல். சிக்கிமுக்கிக் கல் சுவர்கள், ஒரு பழைய தேவாலயம், ஒரு மதுக்கடை, பெரிய சாலையிலிருந்து ஊஸ் ஆற்றுச் சமவெளியை நோக்கி இறங்கும் தெரு. ஊர் அவ்வளவுதான். அந்தத் தெருவில் உள்ள ‘மங்க்ஸ் ஹவுஸ்’ என்ற வீட்டைத் தேடித்தான் உலகெங்குமிருந்து வாசகர்கள் வருகிறார்கள்.

எழுத்தாளர் வர்ஜீனியா வுல்ஃபும் அவர் கணவர் லியனார்டும் 1919-ல் அதை 700 பவுண்டுக்கு ஏலத்தில் எடுத்தார்கள். அப்போது அங்கே மின்சாரமும் இல்லை, குழாய்த் தண்ணீரும் இல்லை. ‘மிஸஸ் டாலோவே’ நாவல் விற்று வந்த பணத்தில்தான் 1926-ல் குளியலறை கட்டினார்கள். மூன்று ஆண்டுகள் கழித்து வர்ஜீனியாவுக்கு ஒரு தனியறை எழுந்தது. அதன் வாசல் தோட்டத்துக்குள் திறந்தது. மழையானாலும் வெளியே வந்துதான் அந்த அறைக்குள் போக வேண்டும்!

அவர் எழுதியதோ தோட்டத்து மரக்குடிலில். மடியில் ஒரு பலகை, எதிரே சமவெளி, அதற்கப்பால் கேபர்ன் குன்று. ஓர் ஆங்கிலக் கிராமத்தின் நாடக விழாவைச் சொல்லும் அவரது கடைசி நாவல் ‘பிட்வீன் தி ஆக்ட்ஸ்’ இந்த ஊர்க் காலத்தில் உருவானது. அவர் மறைந்த பிறகே அச்சேறியது. 1941 மார்ச் 28 அன்று, பல காலமாக மனநோயால் வதைபட்ட அந்தப் பெரும் எழுத்தாளர் ஊஸ் ஆற்றில் உயிர் துறந்தார். அவரது அஸ்தி தோட்டத்திலேயே புதைக்கப்பட்டது.

வருபவர்கள் பெரும்பாலும் வர்ஜீனியாவைத் தேடியே வருகிறார்கள். ஆனால் தோட்டம் லியனார்டின் உழைப்பு. பழமரங்கள், பூப்பாத்திகள், கண்ணாடிக்கூடம் எல்லாமே அவர் கைபட்டவை. மனைவி மறைந்த பின்னும் 1969-ல் தாம் இறக்கும்வரை அவர் அங்கேயே வாழ்ந்தார். தமிழ் வாசகர் அவரைக் கூர்ந்து கவனிக்கக் காரணம் இருக்கிறது. 1904-ல் இலங்கைக்கு ஆட்சிப் பணிக்குப் போன அவர் முதலில் வேலை பார்த்தது யாழ்ப்பாணத்தில், தமிழும் கற்றார். ஏழாண்டு அனுபவத்தில் பேரரசின் மீதே நம்பிக்கை இழந்து, பதவியை விட்டார். ஹம்பாந்தோட்டைப் பகுதியின் வறண்ட காட்டுக் கிராமத்தைப் பற்றி 1913-ல் அவர் வெளியிட்ட நாவல், ஆங்கிலேயர் இலங்கையைப் பற்றி எழுதியவற்றில் நேர்மையான படைப்பு.

இதே வட்டாரத்தில்தான் வர்ஜீனியாவின் அக்கா, ஓவியர் வனெஸா பெல் வாழ்ந்த சார்ல்ஸ்டன் பண்ணைவீடும் உண்டு. கதவு, அலமாரி, கணப்படுப்பு என்று அவரும் சக ஓவியர் டங்கன் கிராண்டும் தூரிகை வைக்காத இடமே இல்லை. இருவரும் இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் அருகிலுள்ள பெர்விக் தேவாலயச் சுவர்களுக்கு ஓவியம் தீட்டினார்கள். அதில் பைபிள் காட்சிகள் சசெக்ஸ் நிலக்காட்சியின் நடுவே நிகழ்கின்றன. நேரம் குறைவாக இருந்தாலும் பெர்விக்கை விட்டுவிடக் கூடாது.

சவுத்தீஸ் ரயில் நிலையத்தில் இறங்கினால் ராட்மெல்லுக்கு நடந்தே போகலாம். மங்க்ஸ் ஹவுஸை இப்போது நேஷனல் டிரஸ்ட் பராமரிக்கிறது. ஆண்டு முழுவதும் திறந்திருப்பதில்லை என்பதால், திறந்திருக்கும் நாட்களை விசாரித்துவிட்டுக் கிளம்புங்கள்.