அம்மம்மாவின் இரண்டு வரி

செப்டம்பர் 21, ஐ.நா.வின் உலக அமைதி நாள். போன வருடம் அதற்காகப் பள்ளியில் பிள்ளைகளிடம் ஒரு கவிதை கேட்டார்கள். என் ஒன்பது வயது மகள் பென்சிலைக் கடித்துக்கொண்டு, “அம்மா, சமாதானம் எண்டால் என்ன?” என்றாள். லண்டனில் பிறந்து வளர்ந்த எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை.

“அம்மம்மாவைக் கேள்” என்றேன். 1987இல் யாழ்ப்பாணத்திலிருந்து வந்த என் அம்மா, போரைப் பற்றி என்னிடம் கதைத்ததே இல்லை. பேத்திக்குச் சொன்னா:

“இரவில ஆர் கதவைத் தட்டினாலும் பயமில்லாமல் திறக்கிறது. பிள்ளை வரப் பிந்தினால், பஸ் பிந்தீட்டுதாக்கும் எண்டு மட்டும் நினைக்கிறது.”

மகள் அப்படியே இரண்டு வரியாக எழுதினாள். மூன்றாவது வரியை என்னிடம் கேட்டாள். “அம்மா இதையெல்லாம் எனக்குச் சொல்லும் நாள்” என்றேன். அம்மா ஒன்றும் சொல்லாமல் என் கையைப் பிடித்தா.

இது நமக்குப் புதிதல்ல. உறையூர்க் கோட்டைக்குள் நெடுங்கிள்ளி, வெளியே முற்றுகையிட்டு நலங்கிள்ளி, இருவரும் சோழர். யார் தோற்றாலும் தோற்பது உங்கள் குடிதானே என்று கோவூர் கிழார் பாடியது புறநானூற்றின் 45ஆம் பாட்டு. கவிதை பெரிய புலவர்களுக்கு மட்டும் என்றும் நினைக்காதீர்கள். சங்கப் புலவர் சீத்தலைச் சாத்தனார் மதுரையில் தானியம் விற்றவர்.

உங்கள் வீட்டிலும் செய்து பாருங்கள். “சமாதானம்” என்ற பெரிய சொல் வேண்டாம். “பயமில்லாத நாளில் என்ன செய்வீங்கள்?” என்று தாத்தா பாட்டியிடம் பிள்ளை கேட்கட்டும். தமிழோ ஆங்கிலமோ, எழுத வருகிற மொழியில் எழுதட்டும். நீங்களும் ஒரு வரி சேருங்கள்.