கோழிகளுக்கு மிளகாய்த் தீனி

இராமநாதபுரம் ஜில்லாவில் முண்டு மிளகாய் உலரும் களங்களில், காவலிருப்போர் சற்று அயர்ந்தால் வீட்டுக்கோழிகள் புகுந்து பழங்களைக் கொத்தித் தின்றுவிடும். மாடு முகர்ந்து விலகும் காரம் கோழிக்கு மாத்திரம் எவ்வாறு ஒத்துக்கொள்ளுகிறது என்று குடியானவர்கள் வியப்பதுண்டு.

காரத்திற்குக் காரணம் காப்சைசின் என்னும் வஸ்து. அது விதையிலன்று, விதைகள் ஒட்டியிருக்கும் வெண்மையான சதையிலேயே உண்டாகிறது. பாலூட்டும் பிராணிகளின் நரம்புகளில் சூட்டை உணரும் ஏற்பியை அது தூண்டுவதால் எரிச்சல் தோன்றுகிறது. கோழிக்கும் அவ்வேற்பி உண்டெனினும், அதன் அமைப்பிலுள்ள சிறு வேறுபாட்டால் காப்சைசின் அதைத் தூண்டுவதில்லை என 2002-ல் ஜோர்ட், ஜூலியஸ் என்னும் விஞ்ஞானிகள் விளக்கினார்கள். ஒருவரும் நடாத ஊசிமிளகாய்ச் செடி வேலியோரத்தில் முளைப்பதும் காரத்தை உணராத பறவைகளின் எச்சத்தினாலேயே. (கோழியின் அரைவைப்பை வலியது, அந்த உபகாரத்தைச் சிறு பறவைகளிடமே எதிர்பார்க்க வேண்டும்.)

பழுத்த மிளகாயின் செந்நிறப் பொருளாகிய காப்சாந்தின் முட்டைக் கருவிற் சேர்ந்து அதைச் சிவந்த மஞ்சளாக்கும். நிறம் மிகுந்ததால் சத்தும் மிகுந்ததென்று எண்ணலாகாது. முருங்கைக் கீரையும் அகத்தியும் கிடைக்கும் வீட்டில் இதற்கென மிளகாய் தேடவேண்டுவதில்லை. கொடுப்பதாயின் சிறிதளவே கொடுக்கவேண்டும். பூசணம் பிடித்த சொத்தை வற்றல், அண்மையில் பூச்சிமருந்து தெளித்த பழம், உப்பேறிய மோர்மிளகாய் ஆகியவை கோழிக்குக் கேடு விளைப்பன.

வருந்தத்தக்கது மற்றொன்று. வெள்ளைக் கழிச்சல் கண்ட கோழிக்குச் சிலர் மிளகாயை அரைத்து உருட்டிப் புகட்டுகிறார்கள். இராணிக்கெட் எனப்படும் இக்கொடிய வியாதி வைரஸ் கிருமியால் வருவது. கண்டபின் தீர்க்கும் மருந்து கிடையாது. மிளகாயை நம்பி இரண்டு நாள் காத்திருப்பதற்குள் வியாதி கூடு முழுவதும் பரவி, முட்டை விற்றுச் செலவை நடத்தும் குடும்பப் பெண் அனைத்தையும் இழந்துவிடக்கூடும். நோயுற்ற கோழியை உடனே பிரித்து வைத்து, இறந்ததைச் சுண்ணாம்பிட்டு ஆழப் புதைக்கவேண்டும்.

பலனளிப்பது முன்கூட்டிய தடுப்பு ஒன்றே. குஞ்சுகளுக்கு முதல் வாரத்தில் கண்ணிலோ மூக்கிலோ சொட்டு மருந்தும், 8-வது வாரத்தில் இறக்கையடியில் ஊசியும் கால்நடை மருந்தகத்தார் மூலம் இடுவித்துக்கொள்ளலாம். ஊசி போடும் நாளில் விடியற்காலையில் கூட்டைத் திறந்துவிடாதிருந்தால், கோழிகளைத் துரத்திப் பிடிக்கும் வேலை மிஞ்சும்.