ஒரே செப்புக் காசில் மூன்று ஆட்சிகள்

பணத்தின் மதிப்பை அரசாணை மட்டுமே தீர்மானித்துவிட முடியுமா? 18ஆம் நூற்றாண்டு ரஷியச் செப்புக் காசுகளைச் சேகரிப்போர் இக்கேள்விக்கான விடையைக் கையிலேயே வைத்திருக்கின்றனர்.

பேரரசி எலிசபெத் ஆட்சியில், 1757 முதல், ஒரு பூட் (16.38 கிலோ) செம்பிலிருந்து 16 ரூபிள் மதிப்புள்ள காசுகள் வார்க்கப்பட்டன. இக்கணக்கின்படி ஐந்து கோபெக் காசின் எடை சுமார் 51 கிராம். 1762இல் அரியணை ஏறிய மூன்றாம் பீட்டர், கருவூலப் பற்றாக்குறையைச் சமாளிக்க, அதே காசின் மீது பத்து கோபெக் என மறுமுத்திரை இடச் செய்தார். செம்பு ஒரு கிராம்கூடக் கூடவில்லை. மதிப்பு மட்டும் இருமடங்கானது.

அதே ஆண்டில் அவரைப் பதவியிலிருந்து அகற்றிய இரண்டாம் கேத்தரின், அக்காசுகளை மீண்டும் ஐந்து கோபெக்காக முத்திரையிட வைத்தார். பழைய முத்திரைகள் முற்றிலும் அழியாத காசுகளில் மூன்று ஆட்சிகளின் தடயங்களும் ஒருசேரத் தெரிகின்றன. சேகரிப்போர் உருப்பெருக்கியுடன் தேடுவது இத்தடயங்களைத்தான்.

விந்தை என்னவெனில், 1796இல் கேத்தரினும் அதே இரட்டிப்புத் திட்டத்தைக் கையில் எடுத்தார். அவ்வாண்டே அவர் மறைந்தார். மகன் முதலாம் பாவெல் 1797இல் அதனைக் கைவிட்டு, பத்து கோபெக் காசுகளைப் பழைய அச்சுகளைக் கொண்டே ஐந்தாக மாற்றினார்.

2016 நவம்பர் 8ஆம் தேதி இரவில் 500, 1000 ரூபாய் நோட்டுகள் செல்லாது என்ற அறிவிப்பைக் கேட்ட இந்தியருக்கு இது அன்னிய நாட்டுப் பழங்கதை அன்று. ஆணை பிறப்பிக்க ஒரு கையெழுத்துப் போதும். அதன் சுமையைத் தாங்குவோர் குடிமக்களே.