செங்கால் மரத்தில் பூவேலை: அழுத்தினால் கருகும், பொறுத்தால் வெட்டும்

ஜார்ஜ்டவுன் கடைவீடுகளின் ஐந்தடி நடைபாதையில் நடப்பவர்கள் தலையைச் சற்று உயர்த்திப் பார்த்தால், பல வீடுகளில் கதவுக்கும் ஜன்னலுக்கும் மேலே பூவும் கொடியுமாகத் துளைத்து வெட்டிய மரப் பலகைகளைக் காணலாம். அவை அழகுக்கு மட்டும் வைத்தவை அல்ல. உள்ளே தேங்கும் வெப்பக் காற்று வெளியேறவும், வீட்டுக்குள் கொஞ்சம் வெளிச்சம் வரவும் அந்தத் துளைகள் உதவுகின்றன. மலாய் வீடுகளிலும் இதே வேலைப்பாடு உண்டு. அங்கே அதை ‘தெபுக்’ என்கிறார்கள்.

2008 ஜூலையில் ஜார்ஜ்டவுனும் மலாக்காவும் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம்பெற்றன. அதன்பின் பழைய வீடுகளைப் பழுதுபார்க்கும்போது எந்தப் பொருளால் பழுதுபார்க்கிறோம் என்பதும் முக்கியமாகிவிட்டது. உடைந்த பூவேலைப் பலகைக்குப் பதிலாக ஒட்டுப்பலகையில் வெட்டி வைத்துவிடலாம்தான். ஆனால் பினாங்கின் வெயிலுக்கும் மழைக்கும் அது சில ஆண்டுகளில் ஊதிப் பிரிந்துவிடும். பழையது போலவே நிலைக்க வேண்டுமென்றால் கெட்டியான மரம்தான் தேவை. அந்த மரத்தில் நுண்ணிய வளைவுகளை வெட்டுவதற்கு ஏற்ற கருவி ‘ஸ்க்ரோல் சா’.

வெளிநாட்டுக்கு அரிய மரம், நமக்கு வீட்டு உத்தரம்

ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் மரவேலை செய்பவர்கள் ‘அரிய வெப்பமண்டல மரம்’ என்று தேடி வாங்கும் வகைகளில் சில நம் வீடுகளில் உத்தரமாகவும் தரைப்பலகையாகவும் கிடக்கின்றன. செங்கால், பாலாவ், மெர்பாவ் ஆகியவை அப்படிப்பட்டவை. மெர்பாவை 2019இல் மலேசியாவின் தேசிய மரமாகவும் அறிவித்தார்கள்.

கெட்டி என்றால் எவ்வளவு கெட்டி? ஒரு கன மீட்டர் தண்ணீரின் எடை 1,000 கிலோ. காற்றில் உலர்ந்த செங்கால் மரம் ஒரு கன மீட்டருக்குச் சுமார் 915 முதல் 980 கிலோ வரை இருக்கும். பாலாவ் 850 முதல் 1,155 கிலோ வரை போகும். அதாவது சில பாலாவ் துண்டுகள் தண்ணீரில் மூழ்கிவிடும். செதுக்கு வேலை பழகுபவர்கள் விரும்பும் ஜெலுத்தோங் மரமோ 420 முதல் 500 கிலோதான். ஜெலுத்தோங்கில் கை பழகிய ஒருவர் அதே வேகத்தில் செங்காலை அறுக்கப் போனால் முதலில் புகை வரும், அடுத்து பிளேடு உடையும்.

கருகுவது ஏன்?

ஸ்க்ரோல் சாவில் மெல்லிய பிளேடு ஒன்று மேலும் கீழுமாக வேகமாக ஓடும். அதன் நீளம் வழக்கமாக 5 அங்குலம். பிளேடு மெல்லியதாக இருப்பதால்தான் சிறிய வளைவில்கூடத் திரும்ப முடிகிறது. அதே காரணத்தால் சூட்டைத் தாங்கும் சக்தி அதற்குக் குறைவு. கெட்டி மரத்தில் ஒவ்வொரு பல்லும் அதிகம் உரசுகிறது. வெட்டிய தூள் மெல்லிய பிளவுக்குள்ளேயே சிக்கிக்கொள்வதால் சூடு இன்னும் ஏறுகிறது. பல் மழுங்குகிறது. மழுங்கிய பிளேடு சரியாக வெட்டாததால் நாம் மரத்தை மேலும் அழுத்துகிறோம். அழுத்த அழுத்தச் சூடு கூடி, வெட்டிய ஓரம் கருப்பாகிவிடுகிறது. பிளேடும் வில்லாக வளைவதால் பலகையின் மேல்பக்கம் ஒரு கோட்டிலும் அடிப்பக்கம் வேறு கோட்டிலும் வெட்டுப்படும்.

மெர்பாவில் இன்னொரு தொல்லை உண்டு. அதிலுள்ள பிசின் பற்களில் ஒட்டிக்கொள்ளும். செங்காலிலோ இழைகள் ஒன்றோடொன்று பின்னிக் கிடப்பதால் பிளேடு கோட்டை விட்டு இழுபடும்.

வெட்டும் முறை

முதலில் பலகையின் கனம். இயந்திரம் 50 மில்லிமீட்டர் வரை வெட்டும் என்று பெட்டியில் எழுதியிருக்கலாம். அது மென்மையான மரத்துக்குச் சொன்ன கணக்கு. செங்கால் போன்றவற்றில் 12 மில்லிமீட்டரில் தொடங்குவது நல்லது. நன்றாகப் பழகிய பிறகும் 20 மில்லிமீட்டரைத் தாண்டாமல் இருந்தால் வேலை சுத்தமாக வரும்.

அடுத்தது பிளேடு. எண் கூடக் கூட பிளேடு அகலமாகும். 12 மில்லிமீட்டர் வரையிலான பலகைக்கு 5ஆம் எண்ணும், அதற்கு மேல் 7ஆம் எண்ணும் பொருந்தும். பல்லுக்குப் பல் இடைவெளி விட்ட வகையாகப் பார்த்து வாங்க வேண்டும். அந்த இடைவெளி வழியாகத்தான் தூள் வெளியேறும். கீழ்ப்பகுதியில் சில பற்கள் மேல்நோக்கித் திரும்பிய வகையை எடுத்தால் பலகையின் அடிப்பக்கம் பிய்ந்து நிற்காது.

பிளேடை நன்றாக இறுக்க வேண்டும். விரலால் சுண்டினால் வீணைத் தந்திபோல் தெளிவான ஓசை வர வேண்டும். மந்தமான சத்தம் வந்தால் இறுக்கம் போதவில்லை என்று அர்த்தம்.

வேகம் மாற்றக்கூடிய இயந்திரங்கள் பெரும்பாலும் நிமிடத்துக்கு 400 முதல் 1,600 வெட்டுகள் வரை ஓடும். கெட்டி மரத்துக்குப் பாதி வேகம் போதும். மரத்தை பிளேடின் மீது தள்ளாமல், பிளேடு வெட்டி முடிக்கும் அளவுக்கு மட்டுமே நகர்த்த வேண்டும். கை அழுத்தத் தொடங்கிவிட்டது என்று உணர்ந்தால் பிளேடை மாற்றும் நேரம் வந்துவிட்டது. மென்மரத்தில் வெகுநேரம் உழைக்கும் பிளேடு செங்காலில் சில நிமிடங்களிலேயே ஓய்ந்துவிடக்கூடும். பிளேடு மலிவு, பூவேலை செய்த பலகை மலிவல்ல. அதனால் மாற்றுவதில் கஞ்சத்தனம் வேண்டாம்.

செலவில்லாத உபாயம் ஒன்றும் இருக்கிறது. பெட்டிகளை ஒட்டும் கண்ணாடி டேப்பை வடிவம் வரைந்த தாளின் மேல் ஒட்டிவிட்டு அறுத்தால் கருகுவது வெகுவாகக் குறையும். டேப்பின் மேற்பூச்சு பிளேடுக்கு வழுக்குப் பொருளாக உதவுகிறது என்பது கைவினைஞர்களின் அனுபவம்.

உள் துளைகளை முதலில் வெட்டி, வெளி ஓரத்தைக் கடைசியில் வெட்ட வேண்டும். வெளி ஓரத்தை முதலில் வெட்டிவிட்டால் பிடிக்க இடமிருக்காது, மெல்லிய கொடிகள் நடுங்கி முறியும். ஒவ்வொரு துளைக்கும் முதலில் சிறு ஓட்டை போட்டு, அதில் பிளேடைக் கோத்துப் பூட்ட வேண்டும். முப்பது துளை இருந்தால் முப்பது முறை கழற்றி மாட்ட வேண்டும். இந்த வேலையில் நேரம் போவது அங்கேதான்.

புதிதாக வெட்டிய செங்கால் மஞ்சள் கலந்த நிறத்தில் இருக்கும். பக்கத்துப் பழைய பலகையோடு ஒத்துப்போகவில்லையே என்று உடனே சாயம் பூசிவிட வேண்டாம். காற்றும் வெளிச்சமும் பட்டால் அது தானாகவே அடர் பழுப்பாக மாறும். பொருத்தும்போது இரும்பு ஆணிக்குப் பதில் பித்தளை அல்லது துருப்பிடிக்காத எஃகுத் திருகுகளைப் பயன்படுத்துவது நல்லது. ஈரம் பட்டால் இத்தகைய மரச்சாறு இரும்போடு சேர்ந்து கருங்கறை படியும்.

பழைய மரத்தில் ஒளிந்திருப்பவை

வீடு பிரிக்கும்போது கிடைக்கும் பழைய உத்தரம் நன்றாக உலர்ந்த அருமையான மரம். ஆனால் அதற்குள் உடைந்த ஆணி புதைந்திருக்கலாம். அறுப்பதற்கு முன் வலுவான காந்தத்தை மரத்தின் மேல் மெதுவாக ஓட்டிப் பார்க்க வேண்டும். பழைய பெயிண்ட் பூச்சில் ஈயம் கலந்திருக்கலாம். அதை உலர்ந்த நிலையில் தேய்த்துத் தூளாக்கினால் ஆபத்து, அதுவும் வீட்டில் சிறு பிள்ளைகள் இருந்தால் இன்னும் ஆபத்து.

மரத்தூளையும் சாதாரணமாக நினைக்கக் கூடாது. உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 1995இல் மரத்தூளை, மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் முதல் பிரிவில் சேர்த்தது. மூக்கும் அதை ஒட்டிய எலும்பறைகளும்தான் முக்கியமாகப் பாதிக்கப்படுகின்றன. ஸ்க்ரோல் சாவின் தூள் மாவுபோல் மெல்லியது. வேலை செய்பவரின் முகமும் அதற்கு மிக அருகில் இருக்கும். கைக்குட்டை கட்டினால் போதாது. என்95 வகை முகக்கவசம், கண்ணாடி, தூள் உறிஞ்சும் கருவி மூன்றும் வேண்டும். கையுறை மட்டும் கூடாது, அது சிக்கினால் கையையும் இழுத்துவிடும். பிளேடு உடைந்தால் பலகையைப் பிடித்து இழுக்காமல் முதலில் விசையை அணைக்க வேண்டும்.

வெளிநாட்டு மரம் வாங்குபவர்களுக்கு ஒரு சொல். ஈட்டி மரம் அடங்கிய டால்பெர்ஜியா இனம் முழுவதும் 2017 ஜனவரி முதல் ‘சைட்டிஸ்’ என்னும் பன்னாட்டு வணிக ஒப்பந்தத்தின் கட்டுப்பாட்டில் இருக்கிறது. ஆந்திரக் காடுகளின் செம்மரமும் அந்தப் பட்டியலில் உள்ளது. இணையத்தில் மலிவாகக் கிடைக்கிறது என்று ஆவணம் இல்லாமல் வரவழைத்தால் சுங்கத்தில் சிக்க நேரிடும்.

பாரம்பரியப் பகுதிக்குள் இருக்கும் வீட்டின் முகப்பில் கை வைப்பதற்கு முன், அனுமதி தேவையா என்று மாநகர் மன்றத்திடமோ ஜார்ஜ்டவுன் உலகப் பாரம்பரிய நிறுவனத்திடமோ கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். உடைந்த பழைய பலகையை உடனே குப்பையில் போட்டுவிடவும் கூடாது. அதைத் தாளின் மேல் வைத்துக் கோடு இழுத்தால், புதிய பலகைக்கான அச்சு அதிலேயே கிடைத்துவிடும். அந்தப் பலகை தொலைந்தால் அந்த வீட்டுக்கென்று வெட்டிய வடிவமும் அதோடு தொலைந்துவிடும்.