காயவிட்டால் மட்காது மரம்

தோட்டத்திலோ வயலோரத்திலோ விருந்தினர் தங்க ஒரு மரக்குடில் கட்டலாம் என்று பேச்செடுத்தால், உடனே இரண்டு எதிர்ப்புகள் வரும்: மழையில் மட்கிவிடும், கறையான் அரித்துவிடும். இரண்டும் நடக்கக்கூடியவையே. ஆனால் மருந்து அடிப்பதற்கும் வர்ணம் பூசுவதற்கும் முன்பே, வரைபடத்திலேயே இவற்றைப் பெருமளவு தடுத்துவிடலாம்.

எடுத்துக்காட்டாக, ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தில், கெம்ப்சி ஊருக்கு அருகே ஒரு பண்ணையில் இருக்கிறது மேரி ஷார்ட் இல்லம். கட்டடக் கலைஞர் கிளென் மர்கட் 1975-இல் கட்டி முடித்த மர வீடு இது. பக்கம் பக்கமாக இரண்டு நீண்ட மரக்கூடங்கள், மேலே நெளிதகரக் கூரை. 1980-இல் மர்கட்டே அதை விலைக்கு வாங்கினார். பிரித்து மாட்டும் விதத்தில் முன்பே அமைத்திருந்ததால், இடிக்காமலே நீளத்தைக் கூட்ட முடிந்தது. பின்னாளில் அதே பண்ணையின் பழைய கொட்டகை ஒன்றையும் விருந்தினர் தங்குமிடமாக மாற்றினார். 2002-இல் அவருக்குக் கட்டடக் கலைக்கான பிரிட்ஸ்கர் விருது கிடைத்தது.

அந்த வீட்டின் தளம் மண்ணிலிருந்து சுமார் 80 சென்டிமீட்டர் உயரத்தில் நிற்கிறது. வெள்ளம் வந்தால் அடியில் ஓடிவிடும். மற்ற நாள்களில் காற்று ஓடும். மரத்தின் ஆயுளைக் கூட்டுவது அந்தக் காற்றுதான். மரத்தை மட்கச் செய்வது பூஞ்சை. மரத்திலுள்ள ஈரம் அதன் உலர் எடையில் 20 சதவீதத்துக்குக் கீழே இருக்கும்வரை பூஞ்சையால் வளர முடியாது. நனைந்த பலகை விரைவில் காய்ந்துவிட்டால் கவலையில்லை. ஈரம் வெளியேற வழியின்றித் தங்கும் பொருத்துகளில்தான் அழிவு தொடங்கும்.

தூணின் அடிமுனையைக் கவனியுங்கள். மரம் உயிரோடு இருந்தபோது வேரிலிருந்து இலைக்கு நீர் ஏற்றிய நுண்குழாய்கள் அங்கே வாய் திறந்திருக்கின்றன. பக்கவாட்டில் மெதுவாக நுழையும் நீர், இந்த முனை வழியே பல மடங்கு வேகமாக ஏறும். அந்த முனையைக் கான்கிரீட்டில் புதைத்தால் ஈரம் அங்கேயே தங்கும். துத்தநாகம் பூசிய இரும்புத் தாங்கியில், கான்கிரீட்டுக்குச் சில சென்டிமீட்டர் மேலே தூணை நிறுத்துவதே சரி. நம் பழைய வீடுகளில் மரத்தூணுக்கு அடியில் கல் வைத்ததும் மண்ணின் ஈரம் தூணில் ஏறாமல் காத்தது.

உயர்ந்த தளம் கறையானுக்கும் இடைஞ்சல். மண்ணில் வாழும் கறையான், மண்ணால் மூடிய பாதை கட்டிக்கொண்டே மரத்தை அடைகிறது. தளத்துக்கு அடியில் குனிந்து பார்க்க இடமிருந்தால் அந்தப் பாதை கண்ணில் படும். அரிப்பு தொடங்கும் முன்பே தடுத்துவிடலாம்.

அடுத்தது வெயில். கெம்ப்சி தெற்கே 31 டிகிரி அட்சரேகையில் உள்ளது. அங்கே கோடையான டிசம்பரில் நண்பகல் சூரியன் வடக்கே, அடிவானத்திலிருந்து 82 டிகிரி உயரத்தில், ஜூனில் ஏறத்தாழ 35 டிகிரியில். வடபுறக் கூரையை அளவாக நீட்டினால் கோடை வெயில் வெளியே நிற்கும், குளிர்கால வெயில் உள்ளே வரும். சுவரிலும் மர்கட் மூன்று அடுக்கு வைத்தார்: வெளியே திருப்பக்கூடிய உலோகப் பட்டைகள், நடுவே கொசுவலை, உள்ளே திறந்து மூடும் கண்ணாடிப் பட்டைகள். வேண்டிய அளவு காற்றையும் வெளிச்சத்தையும் வீட்டிலிருப்பவரே கூட்டலாம், குறைக்கலாம்.

இதை அப்படியே தமிழ்நாட்டில் நகலெடுக்கக் கூடாது. சென்னையில் ஜூன் நண்பகல் சூரியன் உச்சிக்குச் சற்று வடக்கே, டிசம்பரில் தெற்கே வெகுவாகச் சாய்ந்திருக்கும். ஆக இரு பக்கமும் கூரை நீள வேண்டும். காலையிலும் மாலையிலும் தாழ்வாக வரும் வெயிலைக் கூரை நீட்டி மறைக்க முடியாது. எனவே குடிலின் குறுகிய சுவர்களே கிழக்கையும் மேற்கையும் பார்க்கட்டும். தகரக் கூரை என்றால் கீழே வெப்பத்தடுப்பு அவசியம். கடலோரத்தில், புயல்காற்று கூரையைத் தூக்காதபடி கூரையிலிருந்து அடித்தளம் வரை எல்லாப் பொருத்தையும் இரும்பால் பிணைக்க வேண்டும்.

குடில் கட்ட நினைப்பவர்கள் வைரம் பாய்ந்த, நன்கு காய்ந்த மரமாகப் பார்த்து வாங்குங்கள். வேலை தொடங்கும் முன் ஆசாரியிடமும் பொறியாளரிடமும் மூன்று கேள்விகள் கேளுங்கள்: தூணின் அடி எதன்மேல் நிற்கும்? ஒவ்வொரு பொருத்திலும் இறங்கும் நீர் எங்கே போகும்? தளத்துக்கு அடியில் பார்க்க வழி உண்டா? மூன்றுக்கும் தெளிவான பதில் வந்த பிறகே முன்பணம் கொடுங்கள்.