சேற்றில் கால் வைத்தால் காய்ச்சல் வருவது ஏன்?

இலங்கையில் எலிக்காய்ச்சல் அதிகம் பதிவாகும் மாவட்டங்களில் இரத்தினபுரியும் ஒன்று. குருவிட்டப் பக்கம் வயலிலும் மாணிக்கக்கல் குழியிலும் இறங்கி வேலை செய்பவர்கள் இதன் காரணத்தை அறிந்திருக்க வேண்டும்.

நோயைத் தருவது லெப்டோஸ்பைரா என்னும் சுருள்வடிவ பக்டீரியா. எலியின் சிறுநீரகத்தில் அது குடியிருக்கும். எலிக்குப் பெரும்பாலும் ஒன்றும் ஆகாது. சிறுநீரோடு வெளியேறும் கிருமி வெயிலில் காய்ந்தால் மடியும். ஈரச்சேற்றிலோ வாரக்கணக்கில் உயிரோடிருக்கும். அதனால்தான் மழைக்குப் பின் நோய் கூடுகிறது. மாடு, நாய், பன்றியும் இதைப் பரப்பலாம்.

உடலுக்குள் எப்படி நுழைகிறது? கால் வெடிப்பு, கீறல், நீரில் ஊறிய தோல், கண், வாய் வழியாக. பெரும்பாலும் 5 முதல் 14 நாட்களில் காய்ச்சல், கெண்டைக்கால் வலி, கண்சிவப்பு தோன்றும். கவனிக்காவிட்டால் சிறுநீரகமும் ஈரலும் பழுதாகலாம்.

தடுப்பது எப்படி? வேலைக்கு இறங்குமுன் பொதுச் சுகாதாரப் பரிசோதகரைக் கேளுங்கள். தகுதியானவர்களுக்கு டொக்ஸிசைக்கிளின் மாத்திரை தருவார்கள். வாரம் ஒருமுறை, சொன்ன அளவில் விழுங்க வேண்டும். கர்ப்பிணியாக இருந்தால் அதை முன்கூட்டியே சொல்லுங்கள். புண்ணை நீர் புகாமல் மூடுங்கள். லயத்தைச் சுற்றிக் குப்பை, எஞ்சிய சோறு கிடக்க விடாதீர்கள். சாரைப்பாம்பையும் ஆந்தையையும் விரட்டாதீர்கள். எலியைக் குறைப்பவை அவையே.

காய்ச்சல் கண்டால் அன்றே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். சேற்றில் இறங்கியதை மறக்காமல் டொக்டரிடம் சொல்லுங்கள். அந்தத் தகவல் உயிர் காக்கும்.