மார்க்குக் குறைந்தால் வக்கீலாக முடியாதா?

தீர்த்தமலை ராமர் தீர்த்தத்தில் நீராடினால் பாவம் போய்விடும் என்பார்கள். பிளஸ் டூவில் குறைந்துபோன மார்க்கு திரும்பி வருமோ? சட்டம் படிக்க ஆசைப்படும் பெண்ணுக்கு அதுதான் கவலை.

2017-இல் தர்மபுரியிலேயே அரசு சட்டக் கல்லூரி வந்துவிட்டது. கிட்டத்தில் இருக்கிறது, செலவும் குறைவு. ஆனால் ஐந்தாண்டுப் படிப்புக்கு அங்கே பிளஸ் டூ மார்க்கைப் பார்த்துத்தான் இடம் தருகிறார்கள். பரீட்சைச் சமயத்தில் காய்ச்சலாகப் படுத்திருந்தேன் என்றால் யார் கேட்பார்கள்?

திருச்சித் தேசியச் சட்டப் பல்கலைக்கழகத்தின் வழக்கம் வேறு. பள்ளி மார்க்கு அங்கே வாசற்படியோடு சரி. நூற்றுக்கு 45, ஆதிதிராவிடர், பழங்குடியினருக்கு 40 இருந்தால் போதும். அப்புறம் ‘கிளாட்’ என்னும் அகில இந்திய நுழைவுத் தேர்வுதான் பேசும். இரண்டு மணி நேரம், 120 கேள்விகள். தப்பான விடைக்குக் கால் மார்க்குப் பிடித்துக்கொள்வார்கள். குருட்டு யோசனை பலிக்காது!

மனப்பாடம் வராது, ஆனால் பத்திரிகையை வரி விடாமல் படித்து அப்பாவோடு வாதாடும் பெண் இருக்கிறாளே, அவளுக்கென்றே ஏற்பட்ட பரீட்சை இது. சங்கடமும் உண்டு. கேள்விகளெல்லாம் இங்கிலீஷில். தமிழில் படித்த அரூர்ப் பக்கத்துப் பெண்ணுக்கு இது எவ்வளவு நியாயம்? சம்பளமும் தர்மபுரியைவிட மிக அதிகம்.

இன்னொன்று. 2022 முதல் இந்தத் தேர்வு டிசம்பரிலேயே நடக்கிறது. பிளஸ் டூ முடிவு வருவதோ மே மாதம். “மார்க்கு வரட்டும், பார்க்கலாம்” என்று அம்மா சொன்னால், அந்த வருஷம் போனதுதான்.